பார்ட்னர்ஷிப் பிசினஸ்ல இருந்து உங்கள வெளிய தள்ளப் பாக்குறாங்களா? எதுலயும் சைன் போடுறதுக்கு முன்னாடி இத படிங்க

"நாளையில இருந்து நீ கடைக்கு வர வேண்டாம், கணக்கு அப்புறம் உக்காந்து முடிச்சுக்கலாம்"னு பார்ட்னர் சொல்லிட்டாருன்னா அந்த வாய் வார்த்தைக்கு சட்டத்துல ஒரு மதிப்பும் கிடையாது. ஆனா அதக் கேட்டு நீங்க கோவத்துல சாவிய டேபிள் மேல வீசிட்டு வந்து ஆறு மாசம் வீட்டுல சும்மா உக்காந்திருந்தீங்கன்னா அதுக்கு மதிப்பு இருக்கு, அது முழுக்க உங்களுக்கு எதிரா தான் வேலை செய்யும். லாபம் உங்க கைக்கு வர்றது அன்னிக்கே நின்னுடும், ஆனா பேங்க் லோன், ஜிஎஸ்டி பாக்கி, சரக்கு குடுத்தவருக்கு தர வேண்டியது எல்லாம் உங்க தலையிலயும் ஓடிக்கிட்டே இருக்கும். வெளிய போறதா இருந்தாலும் சரி, உள்ளயே இருந்து சண்டை போடுறதா இருந்தாலும் சரி, எழுத்துல பண்ணணும். கீழ இருக்கற எல்லா ஸ்டெப்பும் சுத்தி சுத்தி அங்க தான் வந்து நிக்கும்.

இது தமிழ்நாட்டுல ரெண்டு மூணு பேர் சேர்ந்து நடத்துற கடை, ஜாப் ஒர்க் யூனிட், ஹோட்டல் மாதிரி சின்ன பிசினஸ் ஆளுங்களுக்காக எழுதறது. வக்கீலப் பாக்கத்தான் வேணும், ஆனா என்ன கேக்கணும்னு தெரிஞ்சுக்கிட்டு போனா உங்க நேரமும் ஃபீஸும் மிச்சம்.

முதல்ல உங்க பிசினஸ் என்ன வகைன்னு பாருங்க

நெறைய பேருக்கு இதே தெரியாது, "நாங்க பார்ட்னர்ஸ்"னு சொல்லுவாங்க, பாத்தா பேப்பர்ல வேற இருக்கும். ஈஸியான வழி ஒண்ணு இருக்கு. கடை பில்லுல இருக்கற ஜிஎஸ்டி நம்பர எடுங்க, 33ன்னு ஆரம்பிக்கும், அது தமிழ்நாட்டு கோடு. அதுக்கு அப்புறம் வர்ற பத்து எழுத்தும் பிசினஸோட பான் நம்பர். அந்தப் பான்ல நாலாவது எழுத்து எஃப் (F)னா ஃபர்ம், சி (C)ன்னா கம்பெனி, பி (P)ன்னா தனி ஆள்.

எஃப்னு இருந்தா பெரும்பாலும் 1932 இந்தியப் பார்ட்னர்ஷிப் சட்டம் தான் உங்களுக்கு. எல்எல்பியா (பார்ட்னர்களோட கடன் பொறுப்புக்கு வரம்பு இருக்கற பார்ட்னர்ஷிப்) இருந்தா 2008 சட்டம், ஆனா வெளியேத்துற விஷயத்துல ரெண்டும் கிட்டத்தட்ட ஒரே மாதிரி தான் பேசும். சி வந்தா கம்பெனி சட்டம், அத கடைசில தனியா சொல்றேன்.

பி வந்தா தான் வயித்தக் கலக்கும். நீங்களும் பணம் போட்டு, நீங்களும் காலையில ஷட்டர் தூக்கி, எல்லாம் பண்ணியிருப்பீங்க, ஆனா ரெக்கார்டுல அது உங்க மச்சானோட தனிக்கடை. இப்பவும் கதை முடிஞ்சுடல. பார்ட்னர்ஷிப் வாய்மொழியாவும் இருக்கலாம், பேப்பர்ல என்ன பேர் இருக்குன்னு மட்டும் பாக்காம உண்மையில என்ன உறவுன்னு பாக்கணும்னு 1932 சட்டத்தோட 6வது பிரிவே சொல்லுது. ஆனா நிரூபிக்க வேண்டியது நீங்க. நீங்க போட்ட பணம் கடனா குடுத்ததா முதலீடான்னு தான் எதிர்ப்பக்கம் மடக்குவாங்க, அதனால லாபத்தப் பிரிச்சுக்கிட்டதுக்கான தடயம் ரொம்ப முக்கியம்: மாசா மாசம் வந்த ஜிபே, "இந்த மாசம் ஆளுக்கு இருபத்திரெண்டு வருது"ன்னு வந்த வாட்ஸப் மெசேஜ், ரெண்டு பேரும் எழுதின நோட்டு.

டீட கையில எடுங்க

பார்ட்னர்ஷிப் டீட் (பார்ட்னர்களுக்குள்ள எழுதின ஒப்பந்தப் பத்திரம்) காப்பி உங்ககிட்ட இல்லைன்னா பார்ட்னர்கிட்ட போய் கேக்காதீங்க, உஷாராயிடுவாரு. கரண்ட் அக்கவுண்ட் ஓப்பன் பண்ணப்போ பேங்க்ல ஒண்ணு குடுத்திருப்பீங்க, ஜிஎஸ்டி எடுக்கும்போது அப்லோட் பண்ணியிருப்பாங்க, ஆடிட்டர் ஆபீஸ் ஃபைல்லயும் இருக்கும். கிடைச்சதும் நாலஞ்சு விஷயத்த மட்டும் முதல்ல தேடுங்க: பார்ட்னர நீக்குற அதிகாரம் யாருக்காவது குடுத்திருக்கா, பார்ட்னர்ஷிப்புக்கு இத்தன வருஷம்னு காலம் போட்டிருக்கா, வெளிய போறவருக்கு எப்படி மதிப்பு போடணும்னு இருக்கா, தகராறு வந்தா ஆர்பிட்ரேஷன்னு (கோர்ட்டுக்கு பதிலா நடுவர் வெச்சு தீர்த்துக்கறது) இருக்கா, பேங்க்ல யார் சைன்.

நீக்குற விஷயத்துல சட்டம் ரொம்பத் தெளிவு. 33வது பிரிவு படி மெஜாரிட்டி பார்ட்னர்ஸ் சேர்ந்துகிட்டாலும் ஒருத்தர நீக்க முடியாது. ஒப்பந்தத்துல அந்த அதிகாரம் குடுத்திருக்கணும், குடுத்திருந்தாலும் நல்லெண்ணத்தோட, ஃபர்மோட நன்மைக்காக அத பயன்படுத்தணும். மூணு பேர்ல ரெண்டு பேர் ராத்திரி ஹோட்டல்ல உக்காந்து பேசி முடிவெடுத்துட்டு காலையில வாட்ஸப்ல தகவல் சொன்னா அது நீக்கம் ஆகாது. இன்னொண்ணு, மொத்தமே ரெண்டு பேர் தான்னா "உன்ன நீக்கிட்டேன்"ங்கறதுக்கு அர்த்தமே இல்ல, ஒருத்தர் மட்டும் மிஞ்சினா அது பார்ட்னர்ஷிப்பே கிடையாது, அங்க ஃபர்ம் கலையுது, கலைஞ்சா முழுக் கணக்கும் பாத்தே ஆகணும்.

நீங்க இன்னும் பார்ட்னரா இருக்கற வரைக்கும், டீட்ல வேற மாதிரி எழுதலைன்னா, பிசினஸ் நடத்துறதுல கலந்துக்கற உரிமை 12வது பிரிவுல இருக்கு, கணக்குப் புக்கு எதையும் பாக்கவும் காப்பி எடுக்கவும் உரிமை இருக்கு. புதுசா ஒருத்தர பார்ட்னரா சேக்கறதுக்கும் உங்க சம்மதம் வேணும், அது 31வது பிரிவு. "தம்பிய உள்ள கொண்டு வந்துட்டேன், அவன் தான் இனிமே பாத்துக்குவான்"னு சொல்றதெல்லாம் செல்லாது.

ஃபர்ம் ரெஜிஸ்டர் ஆகியிருக்கான்னு பாருங்க, இது தான் கேஸையே மாத்தும்

ஜிஎஸ்டி ரெஜிஸ்ட்ரேஷனையோ டீட் ஸ்டாம்ப் பேப்பர்ல இருக்கறதையோ சொல்லல. மாவட்டப் பதிவாளர் ஆபீஸ்ல ரெஜிஸ்ட்ரார் ஆஃப் ஃபர்ம்ஸ் பதிவேட்டுல ஃபர்ம் பேர் ஏறியிருக்கான்னு பாக்கணும். அந்தப் பதிவேட்ட ஃபீஸ் கட்டி யார் வேணாலும் பாக்கலாம், சர்டிஃபைடு காப்பியும் வாங்கலாம். போகும்போது உங்க பேர் இன்னும் அதுல பார்ட்னரா இருக்கான்னும் பாருங்க. உங்களுக்கே தெரியாம "ரிட்டையர் ஆயிட்டாரு"ன்னு ஒரு பேப்பர் உங்க சைன போலியா போட்டு தாக்கல் ஆயிருக்கறது நடக்காத விஷயம் இல்ல.

ஏன் இவ்ளோ முக்கியம்னா 69வது பிரிவு. ஃபர்ம் பதிவு ஆகலைன்னா, இல்ல பதிவு ஆகியும் உங்க பேர் அதுல பார்ட்னரா ஏறலைன்னா, "என்ன உள்ள விடச் சொல்லுங்க, லாபப் பங்க குடுக்கச் சொல்லுங்க"ன்னு ஓடிக்கிட்டிருக்கற ஃபர்ம் மேலயோ பார்ட்னர் மேலயோ சிவில் கேஸ் போட முடியாது. சரி இப்ப போய் பதிவு பண்ணிடலாம்னா அந்த விண்ணப்பத்துல எல்லா பார்ட்னரும் சைன் போடணும், உங்கள வெளிய தள்ளுறவரு அதுல எதுக்கு சைன் போடப் போறாரு?

ஆனா அதே பிரிவுல ஒரு கதவு திறந்து வெச்சிருக்காங்க. ஃபர்ம கலைக்கச் சொல்லியோ, கலைஞ்ச ஃபர்மோட கணக்கு கேட்டோ, அதோட சொத்த மீட்கவோ கேஸ் போடறதுக்கு பதிவு தேவையில்ல. பதிவு ஆகாத ஃபர்ம்ல இருக்கற பார்ட்னருக்கு கலைப்பு தான் துருப்புச் சீட்டு. "பதிவே இல்ல, உன்னால என்ன பண்ண முடியும்"னு மிரட்டுறவங்க இந்தப் பாதிய மட்டும் சொல்ல மாட்டாங்க. அப்புறம் டீட்ல ஆர்பிட்ரேஷன் இருந்தா இந்த 69வது பிரிவுத் தடை ஆர்பிட்ரேஷன் நடவடிக்கைய கட்டுப்படுத்தாதுன்னு சுப்ரீம் கோர்ட் 2016ல ஒரு தீர்ப்புல சொல்லியிருக்கு, வக்கீல்கிட்ட அதையும் கேளுங்க.

இந்த வாரத்துக்குள்ள செய்ய வேண்டியது

பேச்சு முத்தினதுமே கணக்க காப்பி எடுக்க ஆரம்பிங்க. டேலில பாஸ்வேர்ட மாத்துறதுக்கும் ஷட்டர்ல புதுப் பூட்டு தொங்குறதுக்கும் ஒரு ராத்திரி போதும். பேலன்ஸ் ஷீட், பார்ட்னர் கேப்பிட்டல் லெட்ஜர், ஸ்டாக் லிஸ்ட், வர வேண்டிய பாக்கி லிஸ்ட், பேங்க் ஸ்டேட்மென்ட், மெஷின் வாங்கின பில், இதெல்லாம் முன்னுரிமை. உங்க சொந்த வருமானவரி ரிட்டர்ன்ல ஃபர்ம் லாபப் பங்கு காட்டியிருப்பீங்க, ஃபர்ம் ரிட்டர்ன்ல உங்க பேர், சதவீதம் எல்லாம் இருக்கும், அந்த ரெண்டுமே நல்ல சாட்சி. 2025 ஏப்ரல்ல இருந்து பார்ட்னர் சம்பளம், வட்டி வருஷத்துக்கு 20,000 ரூபாய தாண்டினா ஃபர்ம் பத்து சதவீதம் டிடிஎஸ் பிடிக்கணும், பிடிச்சிருந்தா அதுவும் உங்க பேர்ல தெரியும்.

காப்பி எடுங்க, ஒரிஜினல தூக்கிட்டு வராதீங்க. வாட்ஸப் மெசேஜ ஸ்கிரீன்ஷாட் எடுத்தா மட்டும் போதாது, அந்த ஃபோனையும் பத்திரமா வெச்சுக்குங்க. எலக்ட்ரானிக் சாட்சிக்கு 2023 சாட்சியச் சட்டத்துல 63வது பிரிவு சர்டிஃபிகேட் குடுக்கணும், மெசேஜ் இருந்த ஃபோன எக்ஸ்சேஞ்ச்ல போட்டுட்டு அப்புறம் முழிக்கக் கூடாது.

செய்யக் கூடாததும் இருக்கு. பூட்ட உடைக்கறது, ராத்திரி ஸ்டாக்க வண்டில ஏத்துறது, கரண்ட் அக்கவுண்ட்ல இருக்கறத மொத்தமா உங்க பேருக்கு மாத்துறது, இதெல்லாம் பண்ணினா அடுத்த நாள் ஸ்டேஷன்ல உங்க மேல கம்ப்ளைன்ட் இருக்கும், கோர்ட்ல இடைக்காலத் தடை கேக்கும்போதும் இதே உங்க காலச் சுத்தும்.

அப்புறம் சைன். "ஆடிட்டர் கேக்குறாரு, சும்மா ஃபார்மாலிட்டி"ன்னு மூணு நாலு பேப்பர் வரும். பேங்க் சைன் மாத்துற லெட்டரா இருக்கும், வெத்து லெட்டர்ஹெட்டா இருக்கும், ரிட்டையர்மென்ட் டீடா இருக்கும். அந்த டீட்ல கடைசிப் பக்கத்துக்கு முன்னாடி ஒரு வரி ஒளிஞ்சிருக்கும், "எனக்குச் சேர வேண்டியது யாவும் பாக்கியின்றிப் பெற்றுக்கொண்டேன், இனி எனக்கு எவ்வித பாத்தியமும் இல்லை"ன்னு. பணம் ஒரு ரூபா வந்திருக்காது, இந்த வரிக்குக் கீழ உங்க சைன் இருக்கும். செக்கு குடுத்தா செக் நம்பர், தேதி, தொகை டீட்லயே எழுதச் சொல்லுங்க, செக் எல்லாம் பாஸ் ஆன பிறகு தான் நீங்க உரிமைய விட்டுக்குடுக்கறது அமலுக்கு வரும்னு ஒரு வரி சேருங்க. பவுன்ஸ் ஆனா பேங்க் மெமோ வந்த 30 நாளுக்குள்ள நோட்டீஸ் அனுப்பணும், அத விட்டா அந்த மெமோவ வெச்சு செக் கேஸ் போட முடியாது.

நோட்டீஸ்

முதல் லெட்டர் வக்கீல் மூலமா தான் போகணும்னு இல்ல, நீங்களே எழுதலாம். இன்ன தேதில இருந்து என்ன கடைக்குள்ள விடல, கணக்கு காட்டல, நான் ரிட்டையர் ஆகல, இன்னும் பார்ட்னர் தான், 12வது பிரிவு படி கணக்கப் பாக்கணும், இத்தன நாளுக்குள்ள ஏற்பாடு பண்ணுங்க. அவ்ளோ தான், திட்டாதீங்க, பழைய கல்யாணச் செலவ எல்லாம் இழுக்காதீங்க. எல்லா பார்ட்னருக்கும் வீட்டு அட்ரஸுக்கும் கடை அட்ரஸுக்கும் ஸ்பீட் போஸ்ட்ல டெலிவரி புரூஃபோட அனுப்புங்க (பழைய ரெஜிஸ்டர் போஸ்ட 2025ல ஸ்பீட் போஸ்ட்டோட சேத்துட்டாங்க), ஈமெயில்லயும் வாட்ஸப்லயும் போடுங்க. "அவராத்தான் விட்டுட்டு போயிட்டாரு"ன்னு பின்னாடி வரப்போற கதைக்கு இந்த லெட்டர் தான் பதில்.

அதே வாரம் பேங்குக்கும் ஒரு லெட்டர், பார்ட்னர்களுக்குள்ள தகராறு இருக்கு, எல்லாரும் சேர்ந்து எழுதிக் குடுக்காம சைன் அதிகாரத்த மாத்தாதீங்கன்னு. அக்கவுண்ட நிறுத்தி வைங்கன்னும் கேக்கலாம், வழக்கமா பேங்க் நிறுத்திடும், ஆனா அப்ப ஆளுங்க சம்பளமும் கரண்ட் பில்லும் சேர்ந்து நிக்கும், நாள் கூலிக்கு வர்றவங்க தான் முதல்ல அடி வாங்குவாங்க. அதனால பணம் வெளிய ஓடுதுன்னு தெளிவா தெரிஞ்சா மட்டும் அந்த அளவுக்கு போங்க.

இருக்கறதா, வாங்கிட்டு போறதா, கலைக்கறதா

உள்ளயே இருக்கறது நடைமுறைல கஷ்டம், கோர்ட் உத்தரவு வாங்கி உள்ள போனாலும் மூஞ்சியப் பாத்து வியாபாரம் பண்ணணுமே. பெரும்பாலும் பேச்சு மத்த ரெண்டுல ஒண்ணுல தான் முடியும்.

வாங்கிட்டு போறதா இருந்தா விலையில தான் எல்லாமே. "உன் கேப்பிட்டல் அக்கவுண்ட்ல இவ்ளோ இருக்கு, வாங்கிக்கோ"ம்பாங்க. அந்த நம்பர் எப்படி வருதுன்னு பாருங்க. 8 லட்சத்துக்கு வாங்கின மெஷினுக்கு வருமானவரிக் கணக்குல வருஷா வருஷம் 15 சதவீதம் தேய்மானம் கழிப்பாங்க, அஞ்சு வருஷத்துல புக்குல சுமார் மூணரை லட்சம் தான் நிக்கும், ஆனா வெளிய அதே மெஷின் அத விட நல்ல விலைக்கு போகலாம். ஃபர்ம் பேர்ல இடம் வாங்கியிருந்தா தலைகீழ், வாங்கின விலையிலயே புக்குல தூங்கிக்கிட்டிருக்கும். குட்வில் (கடைக்கு இருக்கற நல்ல பேரோட மதிப்பு) பெரும்பாலும் புக்குலயே இருக்காது, ஆனா 14வது பிரிவு படி குட்வில்லும் ஃபர்ம் சொத்து தான். அதனால டீட்ல "புக் மதிப்பு தான்"னு எழுதியிருந்தா ஒழிய, இன்னிக்கு விலைக்கு மதிப்பு போடச் சொல்லுங்க, வெளி ஆடிட்டர வெச்சு.

ஒரு விஷயம், இந்த லேத் என்னுது, அந்த ஃப்ரிட்ஜ் உன்னுதுன்னு ஃபர்ம் சொத்துல தனியா ஒரு பொருள கேக்க முடியாது. கடன் எல்லாம் போக மிச்சத்துல பங்கு தான் பார்ட்னரோட உரிமைன்னு சுப்ரீம் கோர்ட் 1966லயே சொல்லிடுச்சு.

வெளிய போயிட்டீங்க, கணக்கு முடிக்கல, அவங்க ஃபர்ம் சொத்த வெச்சே தொழில ஓட்டிக்கிட்டிருக்காங்கன்னா 37வது பிரிவு. உங்க பங்கு சொத்தால வந்த லாபத்துல பங்கு கேக்கலாம், இல்லைன்னா உங்க பங்குத் தொகைக்கு வருஷம் ஆறு சதவீதம் வட்டி கேக்கலாம், எது வேணும்ங்கறது உங்க இஷ்டம். பங்கு 12 லட்சம்னா வட்டி வருஷம் 72,000. நல்லா ஓடுற கடைன்னா லாபத்த கேக்கறது தான் புத்திசாலித்தனம்.

கலைக்கறதுன்னா, டீட்ல காலமோ முடிக்கற விதமோ போடலைன்னா அது விருப்பப் பார்ட்னர்ஷிப், 43வது பிரிவு படி கலைக்கற எண்ணத்த எழுத்துல மத்த எல்லா பார்ட்னருக்கும் நோட்டீஸா குடுத்தாலே போதும், அதுல போட்ட தேதில ஃபர்ம் கலையும். காலம் போட்டிருந்தா கோர்ட்டுக்கு தான் போகணும், 44வது பிரிவுல தொடர்ந்து ஒப்பந்தத்த மீறுறது, நியாயப்படி கலைக்கறது தான் சரிங்கற நிலைமை மாதிரி காரணங்கள் இருக்கு. கலைஞ்ச தேதில இருந்து மூணு வருஷத்துக்குள்ள கணக்கு கேஸ் போட்டுடணும். "தீபாவளி முடியட்டும், பொங்கல் முடியட்டும்"னு சொந்தக்காரங்க பஞ்சாயத்து இழுத்துக்கிட்டே போகும், கோர்ட் காலக்கெடு அதுக்காக நிக்காது.

கோர்ட்டா, ஆர்பிட்ரேஷனா, போலீஸா

டீட்ல ஆர்பிட்ரேஷன் இருந்தா கோர்ட்ல கேஸ் போட்டாலும் எதிர்ப்பக்கம் கேட்டா அங்கயே அனுப்பிடுவாங்க. ஆனா அவசரத் தடை வேணும்னா ஆர்பிட்ரேஷன் சட்டத்தோட 9வது பிரிவுல கோர்ட்டுக்கு போகலாம், ஆர்பிட்ரேஷன் தொடங்கறதுக்கு முன்னாடியே தடை வாங்கினா உத்தரவு வந்த 90 நாளுக்குள்ள தொடங்கிடணும். அவங்க ஆடிட்டரையே நடுவரா டீட்ல எழுதி வெச்சிருந்தா பயப்படாதீங்க, ஒரு பக்கத்தோட தொழில் உறவு இருக்கறவர் நடுவரா இருக்க முடியாதுன்னு சட்டமே சொல்லுது, ஹைகோர்ட்ல வேற ஆள போடச் சொல்லலாம்.

ஆர்பிட்ரேஷன் இல்லைன்னா சிவில் கோர்ட். தகராறோட மதிப்பு 3 லட்சமோ அதுக்கு மேலயோன்னா கமர்ஷியல் கோர்ட் சட்டத்துக்குள்ள வரும், அவசர உத்தரவு கேக்காத கேஸ்ல முதல்ல மீடியேஷனுக்கு (சமரசப் பேச்சு) போயே ஆகணும். ஃபர்ம் சொத்தப் பாத்துக்க கோர்ட் ஒரு ரிசீவர போடலாம், ஸ்டாக்க எண்ண கமிஷனர அனுப்பலாம். பெண்களுக்கு வருமான வரம்பு இல்லாம மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுல இலவச வக்கீல் கிடைக்கும், 15100க்கு கூப்புட்டா வழி சொல்லுவாங்க. அப்பா பங்குக்கு பேருக்கு பார்ட்னரா சேத்த பொண்ணுங்க, மனைவிங்க இத கட்டாயம் தெரிஞ்சுக்கணும்.

ஸ்டேஷன்ல "சிவில் மேட்டர்"ம்பாங்க, பாதி உண்மை தான். பார்ட்னர் ஃபர்ம் பணத்த எடுத்தா சாதாரணமா அது நம்பிக்கை மோசடிக் குற்றமா ஆகாது, தனியா ஒப்படைச்சதுக்கு ஆதாரம் வேணும். ஆனா உங்க சைன போலியா போட்டிருந்தா அது வேற, அது நேரடியா கிரிமினல், அதுக்கு கம்ப்ளைன்ட் குடுக்கலாம்.

கம்பெனியா இருந்தா

பிரைவேட் லிமிடெட்ல டைரக்டர் பதவியும் ஷேரும் வேற வேற. பதவியில இருந்து சாதாரணத் தீர்மானத்துலயே தூக்கலாம், ஆனா 169வது பிரிவு படி சிறப்பு நோட்டீஸ் குடுக்கணும், உங்க பக்கத்தக் கேக்கணும். ஷேர யாரும் பிடுங்க முடியாது, அதனால வேற வழில புது ஷேர் போட்டு உங்க சதவீதத்த சுருக்கப் பாப்பாங்க. பத்துல ஒரு பங்கு ஷேர் இருந்தாலே 241வது பிரிவுல சென்னை என்சிஎல்டிக்கு (கம்பெனித் தகராறுகள விசாரிக்கற தீர்ப்பாயம்) போகலாம். போர்டு மீட்டிங் நோட்டீஸ் வந்தா கட்டாயம் போங்க, 12 மாசம் எந்த மீட்டிங்குக்கும் போகலைன்னா பதவி தானாவே போயிடும்.

வெளிய வந்ததும் கடன அறுத்துக்கிட்டு வாங்க

ரிட்டையர் ஆனாலும் பொது அறிவிப்பு குடுக்கற வரைக்கும், நீங்க பார்ட்னர்னு நம்பி கடன் குடுத்தவங்களுக்கு நீங்களும் பொறுப்பு. பதிவான ஃபர்ம்னா ரெஜிஸ்ட்ராருக்கு நோட்டீஸ், அரசிதழ், அந்த மாவட்டத்துல ஓடுற ஒரு தமிழ் பேப்பர், மூணும் வேணும். அவங்க பண்ணுவாங்கன்னு காத்திருக்காதீங்க, நீங்களே குடுக்கலாம். ஜிஎஸ்டி ஆபீஸுக்கு ரிட்டையர் ஆன ஒரு மாசத்துக்குள்ள எழுத்துல தெரிவிக்கணும், தெரிவிக்கலைன்னா தகவல் அவங்களுக்குப் போய்ச் சேர்ற நாள் வரைக்கும் வர்ற வரிக்கு உங்களையும் பிடிப்பாங்க.

பேங்க் லோனுக்கு நீங்க சொந்தமா கேரண்டி போட்டிருந்தா ரிட்டையர்மென்ட் டீட் அத அழிக்காது. இனிமே குடுக்கப்போற கடனுக்கு என் கேரண்டி கிடையாதுன்னு பேங்குக்கு எழுதிடுங்க, பழைய பாக்கிக்கு பேங்க்கிட்ட இருந்தே விடுவிப்பு லெட்டர் வாங்கணும், உங்க வீட்டுப் பத்திரம் அடமானத்துல இருந்தா அது கைக்கு வர்றதையும் செட்டில்மென்ட்லயே எழுதி வாங்குங்க. பார்ட்னர் "நான் பாத்துக்கறேன்"னு சொன்னது பேங்க கட்டுப்படுத்தாது.

வெளிய வந்து அதே தொழில பக்கத்துத் தெருவுல தொடங்கலாமான்னு எல்லாருமே கேப்பாங்க. தொடங்கலாம், 36வது பிரிவு அனுமதிக்குது, விளம்பரமும் பண்ணலாம். பழைய ஃபர்ம் பேர பயன்படுத்தவோ, இன்னும் அந்த ஃபர்ம்ல இருக்கற மாதிரி காட்டிக்கவோ, பழைய கஸ்டமர கூப்புடவோ மட்டும் கூடாது. இத்தன வருஷத்துக்கு, இந்த ஏரியாவுல போட்டித் தொழில் பண்ண மாட்டேன்னு ரிட்டையர்மென்ட் டீட்ல ஒரு நிபந்தனை போடச் சொல்லுவாங்க, நியாயமான அளவுல இருந்தா அது செல்லும், அதனால அந்த வரிய சும்மா ஒத்துக்காதீங்க, அதுக்கும் தனியா ஒரு விலை பேசுங்க.